பேண்டேஜ் துணி விளக்கு

என் வீட்டுக்காரர் தரையில் நிற்கும் விளக்குகளை வரைந்தவர். ராஜபாளையத்தில் அப்படிச் சொன்னால், "குத்துவிளக்கா?" என்றுதான் கேட்பார்கள். சோபாவுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு, தலையில் துணிக்கூடு மாட்டி நிற்குமே, அது. பம்பாயில் ஒரு மேசை நாற்காலிக் கம்பெனியில் பாதி ஆயுசு அவருக்கு அதுதான் வேலை. அவர் வரைந்ததில் பேர்போனது ஒன்று: மூன்று பித்தளைக் கால்கள், மேலே சத்திரப்பட்டித் தறியில் நெய்த பேண்டேஜ் துணியை அடுக்கடுக்காகச் சுற்றிய கூடு. காயத்துக்குக் கட்டுகிற துணியை விளக்குக்குக் கட்டுகிறானே என்று சிரித்தார்களாம். வெளிச்சம் கண்ணைக் குத்தக் கூடாது என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். பிறகு கம்பெனியை மூடினார்கள். ஊருக்கு வந்து மில்களுக்கு டியூப்லைட் மாட்டும் கான்ட்ராக்ட் எடுத்தார். அந்த வெளிச்சத்தைத் திட்டிக்கொண்டேதான் எங்களுக்குச் சோறு போட்டார்.

இந்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பழைய விளக்குகளைச் சேர்ப்பவள். அந்த மூன்று கால் விளக்கு தன்னிடம் இருக்கிறது, கண்காட்சியில் அவர் பெயரோடு வைக்க வேண்டும், நேரில் கொண்டுவந்து அவரோடு படம் எடுக்கிறேன் என்றாள். கம்பெனி ஒரு விளக்கில்கூட அவர் பெயரைப் போட்டதில்லை. எங்களிடமும் ஒரு விளக்கு கிடையாது. அன்று அவர் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சர்க்கரை அவருடைய ஒரு கண்ணை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. இன்னொன்றிலும் ரத்தம் கசிகிறது, ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். செய்தாலும் பார்வை நிற்குமா என்பதை உறுதியாகச் சொல்லவில்லை.

"வெளக்க ஒரு தடவ பாத்துக்கிடுதேன். பொறவு கத்திய வைக்கட்டும்," என்றார் இவர்.

"அதுக்குள்ள கண்ணு போயிட்டா?"

"வாயக் கழுவுட்டி."

அந்தப் பெண் ஒரு வாரம் தள்ளினாள், பிறகு இன்னொரு வாரம். நான் அவரை ஒளிந்திருந்து கவனிக்கத் தொடங்கினேன். டம்ளரை எடுக்குமுன் மேசையைத் தடவுகிறாரா? பேப்பரில் ஒரே பக்கத்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறார்? கேட்டால் எரிந்து விழுவார். எனக்கு மட்டும் கோபம் குறைச்சலா? அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "வாரதுன்னா வா, இல்லேன்னா அந்த வெளக்க நீயே கட்டிக்கிட்டு அழு," என்று கத்தப்போய், பாதியில் நானே அழுதுவிட்டேன். மறுநாளே வருவதாகச் செய்தி அனுப்பினாள்.

எல்இடி ஆகாது, மஞ்சள் குண்டு பல்புதான் வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். இங்கே எந்தக் கடையிலும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி, தேரடிப் பக்கம் ஒரு பழைய எலக்ட்ரிக் கடையில் வாங்கிவந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் மடியில் வைத்திருந்த பல்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

சாயங்காலம் விளக்கு வந்தது. சட்டை மாற்றி, தலைவாரி உட்கார்ந்திருந்தவர் எழுந்து கால்களைத் தடவினார், கூட்டைத் தடவினார். "நம்ம துணிதான்," என்றார். படத்துக்கு வேறு வெளிச்சம் வேண்டாம் என்று அந்தப் பெண் ஜன்னலைச் சாத்தினாள். நான் பல்பை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன்.

அறை முழுக்க மஞ்சள் பரவியது. இத்தனை வருஷம் அவர் சொல்லிச் சொல்லி நான் பாதிதான் நம்பிய வெளிச்சம். கண்ணைக் குத்தவே இல்லை. சந்தோஷத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். அது விளக்கை நோக்கித்தான் இருந்தது.

"ஏட்டி, என்ன தாமசம்? சுவிட்சப் போடு," என்றார்.

அந்தப் பெண் கேமராவைக் கீழே இறக்கினாள்.

"கரண்டு போயிருச்சுங்க," என்றேன்.

தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தை மெல்ல மேலே தூக்கினார். அந்தச் சத்தத்தைக் கேட்கிறார் என்று தெரிந்தது. பிறகு பின்னால் கையை விட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"சரி, வரட்டும்," என்றார். "அவசரமில்ல."