அரைப்புள்ளி வெண்டெல்

ஹங்கேரியின் மக்கோ ஊருக்கு செஸ் கிராண்ட்மாஸ்டர் என்று இருப்பது வெண்டெல் ஹர்மதி ஒருவர்தான். ஆனால் வெங்காயச் சந்தையில் விசாரித்துப் பாருங்கள், "யாரு, அரைப்புள்ளி வெண்டெலா?" என்பார்கள். ஜெயித்தால் ஒரு புள்ளி, டிரா செய்தால் அரை. மனுஷர் முப்பது வருஷமாக அரையை வைத்தே காலம் தள்ளினார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

இருபத்துநாலு வயதில் இப்படியா இருந்தார்? அப்போது ரோஷக்காரர். புடாபெஸ்டில் தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் போட்டியில், கடைசி ஆட்டத்தில் எதிராளி கேட்ட டிராவைத் தட்டிவிட்டுத் தோற்றார். அணியும் போயிற்று. இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படுவதை அன்றோடு தலைமுழுகினார்.

அணி ஆட்டத்தில் டிராவுக்குத் தலைவரின் சம்மதம் வேண்டும். மக்கோ அணியின் தலைவி அவர் மனைவி பிரோஷ்காதான். வெண்டெல் முதலில் ஆட்டத்தாளில் பேனாவால் 'அரை' என்று எழுதிவிடுவார், அப்புறம்தான் எழுந்து போய்க் கேட்பார். "உங்க இஷ்டம்" என்பாள் அவள். எப்போதும் அதே பதில்தான்.

போன ஞாயிறு பருவத்தின் கடைசிப் போட்டி. பதினொரு ஆட்டம் முடிந்து இரு அணியும் சமம். மிச்சம் வெண்டெலின் பலகை மட்டும். ஜெயித்தால் மக்கோ முதல் பிரிவில் நீடிக்கும். டிரா என்றால் கீழே இறங்க வேண்டியதுதான். எதிரே ஸெண்டெஷ் ஊர்ப் பல் டாக்டர். "டிரா வெச்சுக்கலாமா சார்?" என்றார்.

பலகையிலும் பெரிதாக ஒன்றுமில்லை. கை தன்பாட்டுக்கு 'அரை' என்று எழுதியது. வெண்டெல் எழுந்து போய், "என்னம்மா, வாங்கிக்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம்."

"என்னது?"

"வேண்டாம்னு சொன்னேன்."

அதற்கு மேல் பேச அவளுக்கு விதி இடம் தராது. புடாபெஸ்டின் அந்தப் பழைய சாயங்காலம் வெண்டெலின் கண்முன் வந்து நின்றது. திரும்பி வந்து, எழுதியதை அடித்தார். ஆயுசில் முதல் தடவை.

அப்புறம் அவர் வீரமெல்லாம் காட்டவில்லை. தெரிந்ததைத்தான் செய்தார். ராஜாவை அப்படி ஒரு கட்டம், இப்படி ஒரு கட்டம் என்று உலாவவிட்டார். நாற்பது நகர்த்தல். பல் டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு சிப்பாயைத் தள்ளினார். அதற்குக் காவலில்லை. வெண்டெல் அதை எடுத்துக்கொண்டார். அந்த ஒரு சிப்பாயே போதுமாக இருந்தது, ஆட்டம் வெண்டெலுக்கு.

வீட்டில் கசகசா நூடுல்ஸைப் பரிமாறினாள் பிரோஷ்கா. வெண்டெலின் முகத்தில் சிரிப்பு அடங்கவே இல்லை.

"ஏம்மா, இதை முப்பது வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க எழுதி முடிச்சுட்டுல்ல வந்து கேப்பீங்க!"

வெண்டெலின் முள்கரண்டி பாதியில் நின்றது. "உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாம இருக்குமா? உங்க புள்ளி, உங்க இஷ்டம்னு விட்டேன். தோத்துட்டு வந்தா ஒரு வாரம் சாப்பிட மாட்டீங்க. இன்னிக்கு ஊரோட புள்ளி, அதான் வேண்டாம்னேன். பேசாம சாப்பிடுங்க, ஆறிடும்."

அவர் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.