செவலையின் வில்லை

எங்கள் வீட்டில் நாய்க்கு இருந்த செல்வாக்கு எனக்கு இருந்ததில்லை. அப்பா மதுரையில் ஒரு தலைவர். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் கதர் கட்டிக்கொண்டவர், இரண்டு முறை சிறைக்குப் போய் வந்தவர், பிறகு நகரசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கோரிப்பாளையத்தில் எங்கள் வாசலில் விடிந்ததிலிருந்து ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அப்பாவைப் பார்க்க முடியாதவர்கள் நாயையாவது பார்த்துவிட்டுப் போவார்கள். பன் ரொட்டி வாங்கி வந்து போடுவார்கள். என்ன அறிவு, என்ன அறிவு என்று அப்பாவின் காதில் விழும்படி வியப்பார்கள். அந்த அறிவு அப்போது பின்னங்காலைத் தூக்கி உண்ணி கடித்துக்கொண்டிருக்கும்.

செவலை நாட்டு நாய்தான். நிறத்தைப் பார்த்து யாரோ கூப்பிட்ட பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் சித்தப்பாவும் நானும் அதை வைகைக்கு இழுத்துப் போவோம். சீயக்காய் போட்டுத் தேய்க்கும்வரை சாதுவாக நிற்கும். விட்டவுடன் மணலில் புரண்டு, கொண்டு போனதைவிட அழுக்காகத் திரும்பி வரும். வேப்பெண்ணெய் தடவி, காதுமடலில் உண்ணி பொறுக்குவது என் வேலை. அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாய் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவளுடைய சட்டம். அதை மதித்து நடந்த ஒரே ஆள் நாய்தான், அதுவும் அம்மா வீட்டில் இருக்கும்போது மட்டும்.

அப்பா இரண்டாவது முறை சிறையிலிருந்து வந்தபோது எனக்கு ஏழு வயது. எலும்பும் தாடியுமாக வாசலில் நின்றவரை யாரோ என்று நினைத்து அம்மாவைக் கூப்பிட உள்ளே ஓடினேன். செவலைதான் அடையாளம் கண்டுகொண்டது. நான் திரும்பி வந்து பார்த்தபோது அது அவர் காலடியில் படுத்து முனகிக்கொண்டிருந்தது, அவர் குனிந்து அதன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து தன் இலையில் கடைசி கைப்பிடிச் சோற்றை அவரே பிசைந்து கொண்டுபோய் வைப்பார். வேறு யாரும் வைக்கக்கூடாது.

அதற்கு அடுத்த வருடக் கோடையில் ஒரு வெறிநாய் தெருவில் புகுந்து பலரைக் கடித்துவிட்டது. தர்கா பக்கத்தில் பீடி சுற்றும் ஒரு வீட்டுப் பையனைக் அப்போது வெறிநாய்க்கடி ஊசி கிடைத்த குன்னூருக்குக் கொண்டுபோவதற்குள் காலம் கடந்துவிட்டது. தண்ணீரைக் கண்டு அவன் அலறியதை அப்பா பக்கத்தில் இருந்து பார்த்தார். பிறகுதான் நகரசபையில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். நாய் வளர்ப்பவர்கள் சித்திரைக்குள் பதிந்து, பித்தளை வில்லை வாங்கி நாயின் கழுத்தில் கட்ட வேண்டும். வில்லை இல்லாத நாய் தெருவில் நின்றாலும் சரி, வீட்டில் கட்டிக் கிடந்தாலும் சரி, பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிடித்த வண்டி அந்தத் தெருவைத் தாண்டுவதற்குள் வில்லையைக் கொண்டுவந்து காட்டினால் உண்டு. தாண்டிவிட்டால் யார் வீட்டு நாயானாலும் திருப்பித் தருவதில்லை. கடைசி வரி அப்பாவே சேர்த்தது. முதல் வாரத்திலேயே ஒரு ஜவுளிக்கடை முதலாளி வாழைத்தாரோடு வந்து தன் சீமை நாய்க்காகக் கண்ணீர் விட்டார். வாழைத்தாரும் அவரும் ஒன்றாகத் திரும்பிப் போனார்கள்.

செவலைக்கு அப்பா முதல் நாளே வரிசையில் நின்று வில்லை வாங்கினார். சித்தப்பாவுக்கு அது வேடிக்கை. இவன் மூஞ்சியே வில்லைதானே, மதுரையில் இவனைத் தெரியாதவன் யார் என்று அவர் சொல்லிச் சொல்லி, எனக்கும் அது வேதவாக்காகிவிட்டது.

தெருக்கோடியில் குதிரை வண்டிப் பேட்டை. அங்கே ஒரு வண்டிக்காரரின் மகள் பாக்கியம் என்னோடு படித்தாள். குதிரைக்குக் கொள்ளு வாங்கவே திண்டாடும் வீடு. அவர்களுக்கும் ஒரு கறுப்பு நாய் இருந்தது. வில்லை வாங்கவில்லை, கெடுவும் முடிந்துவிட்டது. நாளைக்கு நாய் வண்டி எங்கள் தெருவுக்கு வருகிறது என்று வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பேச்சு அடிபட்டது. பாக்கியம் மத்தியானம் சாப்பிடவில்லை. தூக்குச் சட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு உடனே வழி தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் செவலையின் கழுத்திலிருந்து வில்லையை அவிழ்த்துக் கொண்டுபோய் அவள் நாய்க்குக் கட்டினேன். வண்டி போனதும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். தலைவர் வீட்டு நாயை எவன் தொடுவான்? இதில் எனக்கு ஒரு துளி பயமும் இருக்கவில்லை. ஊரே சலாம் போடும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இப்படி ஒரு யோசனை தோன்றும்.

சனிக்கிழமை காலையில் வந்தவர்கள் புது ஆட்கள். மூங்கில் கழியில் கம்பிக் கண்ணி மாட்டியிருந்தார்கள். செவலை யாரைக் கண்டாலும் பன் ரொட்டி என்று நினைக்கும் நாய். வாலை ஆட்டிக்கொண்டு தானாகவே கண்ணிக்குப் பக்கத்தில் போய் நின்றது. நான் வாசலுக்கு ஓடி வருவதற்குள் கூண்டு வண்டிக்குள் கிடந்தது.

தெரு கூடிவிட்டது. பின்னால் வந்த நகரசபை மேஸ்திரி எங்கள் வீட்டைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். அப்பா வெளியே வந்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அய்யா, நம்ம வீட்டு நாய்னு தெரியாமப் பிடிச்சுட்டாய்ங்க. இந்தா இப்பவே அவுத்து விட்டுர்றேன்."

"வில்லை இருக்கான்னு பாத்தீங்களா?" என்றார் அப்பா.

அம்மா முன்னால் வந்து, வில்லை வாங்கியதும் கட்டியதும் உண்மை, எங்கேயோ விழுந்திருக்க வேண்டும் என்றாள். தேடிக் கொண்டுவந்து காட்டினால் போதும், அதுவரை வண்டி தெருவைத் தாண்டாது என்று மேஸ்திரி கெஞ்சாத குறையாகச் சொன்னார். அப்பா யாரையும் அனுப்பவில்லை. குனிந்து மண்ணைப் பார்த்தபடி தெருக்கோடியை நோக்கித் தானே நடந்தார். பேட்டைப் பக்கம் திரும்பி மறைந்தார்.

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், சுற்றி நிற்கும் முகங்களைப் பார்த்ததும் மூடிக்கொள்வேன். நான் பாக்கியத்தையும் அவள் நாயையும் நினைத்தேன் என்று இப்போது எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அது பொய். அம்மா பிரம்பை எடுப்பாள், தெருவே பார்க்கும், அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. கூண்டுக்குள் செவலை என்னைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அப்பா திரும்பி வந்தார். கிடைக்கவில்லை என்று மேஸ்திரியிடம் சொன்னார். பிறகு என் முன்னால் வந்து, என் உயரத்துக்குக் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"வில்லை எங்கன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாதுப்பா."

என் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். என் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு எழுந்தார். கூண்டுக் கம்பிக்குள் கையை விட்டுச் செவலையின் நெற்றியைத் தடவினார். அது அவர் விரல்களை நக்கியது. பிறகு, ஓட்டச் சொல்லுங்கள் என்று மேஸ்திரியிடம் சொன்னார். சித்தப்பா வாய்விட்டு அழுதார். வண்டி பேட்டைக்குப் போய், அங்கே இருந்த நாய்களின் கழுத்தையெல்லாம் பார்த்துவிட்டு, தெருவைத் தாண்டிப் போயிற்று. அன்று மத்தியானம் அப்பா இலையில் உட்கார்ந்தார். கடைசி கைப்பிடிச் சோற்றைப் பழக்கத்தில் பிசைந்துவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

நான் அவரை வெறுத்தேன். ஒரு வார்த்தை சொன்னால் மேஸ்திரி திறந்து விட்டிருப்பார். சிறையிலிருந்து வந்தவரை அடையாளம் கண்ட நாயைவிட இவருக்குத் தன் தீர்மானம் பெரிதாகிவிட்டதே என்று குமுறினேன். என் குற்றத்தை மறக்க எனக்கு அந்தக் கோபம் வசதியாகவும் இருந்தது. பல மாதங்கள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

ஊரோ அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. தலைவர் வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் ஒரே சட்டம் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். ஜவுளிக்கடை முதலாளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டு, இனி உங்கள் கட்சிக்குத்தான் என் ஓட்டு என்றார். அந்தப் பேச்சை எடுத்தாலே அப்பா தலையைக் குனிந்துகொள்வார், போதும் போதும் என்று கையை அசைப்பார். தன்னடக்கம் என்று எல்லோரும் உருகினார்கள். எனக்கு அது நடிப்பாகத் தெரிந்தது. பாக்கியத்தின் நாய் அதற்குப் பிறகு பல வருடம் இருந்தது. நான் அதைத் தொட்டதே இல்லை. அந்த வில்லையையும் திருப்பிக் கேட்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு அப்பா இறந்தார். துக்கத்துக்கு வந்த கூட்டம் வடிந்தபின் பாக்கியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் அதற்குள் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு உங்க அப்பா எங்க வீட்டுக்கு வந்தாக, தெரியுமா? நாயப் பிடிச்சுக் குடுக்கத்தான் வந்திருக்காகன்னு நான் அதக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். வில்லையத் திருப்பித் திருப்பிப் பாத்தாக. யார் குடுத்ததுன்னு கேட்டாக, சொல்லிட்டேன். பெறகு கயிறு தளந்து கெடக்குன்னு அவுகளே ரெண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டுனாக. எம் மக குடுத்தது, இருக்கட்டும்னாக. தான் வந்தத உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுப் போயிட்டாக."

நான் அழவில்லை. அழும் நிலையைத் தாண்டியிருந்தேன். அவர் என் முன்னால் குனிந்து கேட்டபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். தோழியின் நாய்க்காகத் தன் நாயை விட்டுக்கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் நிற்கும் ஒன்பது வயது மகளைத்தான் அவர் அன்று கண்டார். அவளுக்காகத் தான் கொண்டுவந்த சட்டத்தைத் தானே மீறினார், தெருவறியப் பொய் சொன்னார், செவலையையும் கொடுத்தார்.

அந்தப் பெண் நான் இல்லை. அடிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவள் நான். அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு எத்தனையோ வருடங்கள் இருந்தன. சொல்ல வேண்டும் என்று தெரிந்தபோது, அவரைக் கல்லறையில் வைத்து மூன்று நாள் ஆகியிருந்தது.