சன்னல் கம்பியைத் தொடுபவர்

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் தன் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து எனக்கொரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டித் தந்தார் அவர். பிழைப்புக்கு ஓட்டுவது கண்டெய்னர் லோரி. காய்த்துப்போன பெரிய கைகள். ஒவ்வொரு சாமானையும் எடுக்குமுன் இரும்புச் சன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுக்கொள்வார். உடம்பிலிருக்கும் மின்சாரம் சாமானைக் கெடுத்துவிடுமாம்.

"ஆர்டர் நிறைய வருதாண்ணே?"

"இந்த வருஷத்துக்கு நீங்க ஒருத்தர்தான். கடையில ரெடிமேட் என்னைவிட மலிவு லா. அதையும் போர்ட்லேருந்து ஏத்திட்டு வர்றது நான்தான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் ஏத்தலன்னா வேற ஆள் ஏத்துவான்," என்று கம்பியைத் தொட்டுவிட்டு அடுத்த சாமானை எடுத்தார்.

அந்தக் கம்ப்யூட்டர் இன்றுவரை ஒருமுறைகூடப் பழுதாகவில்லை. அவரிடம் திரும்பப் போக எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.