அனத்தோலி அங்கிள் பார்த்த கப்பல்

சென்ற மாதம் வேலையிடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம் பிக்கரிங்கிலிருந்து அனத்தோலி அங்கிளின் மகள் இரினா அழைத்தாள். "அப்பா போயிட்டார்" என்றாள். "கடைசி நாளும் கட்டிலில் இருக்கமாட்டன் எண்டு நேர்ஸ்மாரோடை சண்டை" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வெளியே போய் வாகனத் தரிப்பிடத்தில் நடந்தேன்.

டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தவர்களுக்கு அனத்தோலி அங்கிளைத் தெரியும். ஏழாம் மாடிக் கொரிடோரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்த ரஷ்யர். லிஃப்டில் ஏறமாட்டார். எங்களுடைய பிறந்தநாள்களுக்குக் கூப்பிட்டால் தவறாமல் வருவார். ஆனால் கதிரையில் இருக்கமாட்டார். மகள் இரினா பக்கத்து ஊரான பிக்கரிங்கில் வீடு வாங்கி அழைத்தபோதும் போகவில்லை. "அங்கை றோட்டிலை ஒரு சனமும் இல்லை. ஆரைப் பார்க்கிறது?" என்றார். நானும் அவரும் பேசியது உடைந்த ஆங்கிலம். இங்கே அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அவர் வோல்கா நதிக்கரை ஊரொன்றில் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடிந்ததும் கடற்படைக் கல்லூரிக்குப் போனார். யுத்தம் அவரை அங்கிருந்து நேரே பால்டிக் கடலுக்கு, ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்கு அனுப்பியது. கப்பல் போகும் வழியைக் கணிக்கும் அதிகாரி வேலை. அப்போது அவருக்கு இருபது வயது. இதை யாரோ சொல்லக் கேட்டபிறகு நான் அவரிடமிருந்து ஒதுங்கினேன். நான் மன்னார்க்காரன். எங்கள் படகுகளைச் சுட்டது கடற்படைதான்; நேவி என்ற சொல்லே எனக்கு ஆகாது.

ஒதுங்க அவர் விடவில்லை. ஒருநாள் உடுப்புத் தோய்க்கும் அறையில், "நீ எப்பிடி இந்த நாட்டுக்கு வந்தனி?" என்று கேட்டார். சொன்னேன். மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகு. அம்மா, இரண்டு தங்கச்சிமார், இன்னும் பல குடும்பங்கள். பொழுது சாயும் நேரத்தில் ஒரு கடற்படை ரோந்துப் படகு கிட்ட வந்து எங்கள்மேல் வெளிச்சம் அடித்தது. வெளிச்சம் எங்கள்மேலே நின்றது. பிறகு அணைந்தது. அந்தப் படகு திரும்பிப் போய்விட்டது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். "அவங்களுக்கு உங்களைத் தெரிஞ்சதோ?"

"ஓம். அம்மாவின்ரை முகத்திலை வெளிச்சம் நிண்டது."

அதன்பிறகு எங்கே கண்டாலும் அதே கேள்விகள்தான். பஸ்ஸில், கடை வாசலில், பனி கொட்டும் தெருவில். எவ்வளவு தூரத்தில் நின்றார்கள்? சேலை தெரிந்திருக்குமா? பிள்ளைகள் கை காட்டினார்களா? ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "உதை ஏன் திரும்பத் திரும்பக் கேக்கிறியள்?" என்றேன்.

கட்டடத்து வாகனத் தரிப்பிடத்தில் நடந்தபடி சொன்னார். யுத்தத்தின் கடைசிக் குளிர்காலம். பகல்தான், ஆனால் பனி மூட்டம். விளக்கில்லாத ஒரு பெரிய கப்பல். அதன் வேகத்தையும் திசையையும் கணித்துக் கொடுத்தவர் இவர். சுடுவதற்கு முன் கப்டன் இவரையும் பெரிஸ்கோப்பில் ஒரு கணம் பார்க்கவிட்டார். "மேல்தட்டு முழுக்கக் கறுப்பா, நெருக்கமா என்னவோ இருந்தது. ஆமிக்காரர் எண்டு நினைச்சன். சாமான் எண்டும் நினைச்சன்." டோர்பிடோ பட்டது. ஒரு கப்பலை மூழ்கடித்து வந்தால் பன்றிக்குட்டி வாட்டி விருந்து வைப்பது அவர்கள் வழக்கம். விருந்து நடந்தது. பதக்கமும் வந்தது.

யுத்தம் முடிந்தபின், பிடிபட்ட துறைமுகமொன்றில் அதிகாரிகளின் உடுப்புத் தோய்த்த ஜெர்மன் பெண் தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள். இரண்டு பிள்ளைகளோடு அகதிக் கப்பலில் ஏறியவள், போய்ச் சேரவில்லை. ஏறிய நாளையும் போன வழியையும் கேட்டபோதே அது எந்தக் கப்பல் என்று அவருக்கு விளங்கிவிட்டது. நீர்மூழ்கியிலிருந்து மாற்றம் கேட்டார். மிச்ச உத்தியோக காலமெல்லாம் லெனின்கிராட்டில் கடல் வரைபடம் தயாரிக்கும் அலுவலகத்தில். பதவி உயர்வு அதோடு நின்றது. காரணத்தை மனைவிக்கும் சொல்லவில்லை.

பிறகொரு நாள் எங்கள் வீட்டில் அவர் கதையைக் கேட்ட என் மனைவி ஜெசிந்தா, "உங்களுக்குத் தெரியாதுதானே அங்கிள்" என்றாள். "பார்க்கிறதுதான் பிள்ளை என்ரை வேலை" என்றார். அவர் போனபிறகு அவள் கோப்பைகளைக் கழுவியபடி, "இந்த மனிசனுக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை" என்றாள்.

ஒரு மே மாதம், ரஷ்ய முதியவர்களின் யுத்த வெற்றிவிழாவில் பேச அவரை அழைத்தார்கள். என்னையும் இரினாவையும் கூட்டிக்கொண்டு போனார். மார்பு நிறையப் பதக்கம். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது, முகங்களைத்தான் பார்த்தேன். முதலில் சிரித்தார்கள். பிறகு கரண்டிகள் கீழே போயின. ஒரு கிழவர் கைத்தடியால் மேசையில் அடித்து ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு வெளியேறினார். இவர் முழுதும் பேசி முடித்துத்தான் இறங்கினார். யாரும் கை தட்டவில்லை.

திரும்பும் வழியில் காரில் இரினா அழுதாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே சொன்னாள். "துரோகி எண்டினம் அப்பா. இவ்வளவு காலத்துக்குப் பிறகு அவையளுக்கு ஏன் சொன்னனீங்கள்?"

"வேறை ஆருக்குச் சொல்லுறது? என்னைப்போலை அந்த இறைச்சியைச் சாப்பிட்டவை அவைதான்."

சிவப்பு விளக்கில் கார் நிற்க, கதவைத் திறந்து இறங்கி நடந்து போய்விட்டார். இரினா பல மாதம் அவரோடு பேசவில்லை. விழாக்களுக்கும் பிறகு அழைப்பு வரவில்லை. சொன்னதால் அவருக்கு நிம்மதி வந்ததா என்றால், இல்லை. மறுநாளும் அதே கொரிடோரில் அதே நடை.

ஆனால் இலையுதிர்காலத்தில் ஒரு டாக்சி வந்தது. இறங்கியவர் கைத்தடிக் கிழவர். அன்று பின்னேரம் இரண்டு பேரும் கொரிடோரில் கைகோத்து நடந்ததை எங்கள் கட்டடத்தில் இருந்த சிலரும் கண்டிருப்பார்கள். என்ன விஷயம் என்று பிறகு அங்கிளிடம் கேட்டேன். "அவரும் ஒரு கப்பல் பார்த்தவராம்" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பின் அந்தக் கிழவர் சாகும்வரை வந்துகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கண்டபோது அனத்தோலி அங்கிளுக்கு நூறு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. நான் எழுதுகிறவன் என்பது தெரிந்து, "எழுதினால் என்னை நல்லவன் எண்டு எழுதிப்போடாதை" என்றார். சரி என்றேன். அதனால் நல்லவன் என்று எழுதாமல் விடுகிறேன்.

அவரைத் துரோகியாக்கிய அந்தப் பேச்சில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மண்டபத்தில் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பியபிறகும் அவர் குரல் இறங்காமல் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குரலை நான் வைத்திருக்கிறேன். அது என்னைச் சும்மா இருக்க விடுவதில்லை.