கெட்டி ஆயில்

நகத்தக்கா என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். மற்ற விரல்களில் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, வலது கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் விட்டு வைத்திருப்பாள். அழகுக்காக என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அவள் கார் மெக்கானிக். இஞ்சினின் உள்பாகங்களில் கீறல் விழுந்திருக்கிறதா என்று அந்த நகத்தால் வருடித்தான் பார்ப்பாள். எந்த இஞ்சினையும் உள்ளே பார்க்காமல் வண்டியில் ஏற்ற மாட்டாள். பக்கத்துக் கொட்டகையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் அவள் கணவர், "கல்யாணத்துக்கு முன்னாடி என்னை மட்டும் திறந்து பார்க்காம விட்டுட்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

"பார்த்திருந்தா மாட்டியிருக்கவே மாட்டேனே" என்பாள் அவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பியின் கார், இஞ்சின் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தண்ணீர் வற்றியதைக் கவனிக்காமல் ஓட்டி, பழைய இஞ்சினின் உடற்கூடான பிளாக்கில் விரிசல் விட வைத்திருந்தான். பழைய சாமான் கடையிலிருந்து வேறொன்று வாங்கி வந்து இறக்கியிருந்தான். வெகுநாள் சும்மா சுற்றியவனுக்கு இப்போதுதான் வேலை அமைந்திருந்தது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். இதில் அவனைவிட அவன் மாமியாருக்குத்தான் பரம சந்தோஷம். மறுநாள் காலை முதல் சவாரி.

"தூக்கி வச்சு முடுக்கினா முடிஞ்சுதுக்கா. கடைக்காரர் அங்கேயே ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். சத்தமே இல்ல."

"அதான்டா எனக்கு இடிக்குது. இத்தனை வருஷம் உழைச்ச இஞ்சின் எப்படி சத்தமே போடாம இருக்கும்?"

ஆயிலை வடித்தாள். தேன் மாதிரி மெதுவாக இறங்கியது. தேய்ந்த இஞ்சினில் கெட்டி ஆயிலை ஊற்றினால், உள்ளே ஆடுகிறதெல்லாம் கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டிருக்கும். விற்கிறவருக்கு அந்தக் கொஞ்ச நேரம் போதுமே!

பிளக்குகளைக் கழற்றி, ஒயர் முனையில் இருக்கும் குட்டிக் கேமராவை உள்ளே விட்டாள். சிலிண்டர் சுவர்கள் செல்போன் திரையில் கீறலில்லாமல் சுத்தமாகத் தெரிந்தன.

"பார்த்தியா! மாட்டிடலாம்" என்று தம்பி துள்ளினான்.

"மேல்பாதிதான் பார்த்திருக்கேன்" என்று அவள் இஞ்சினைத் தலைகீழாகத் திருப்பினாள்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. "கூடப் பிறந்தவளே என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியே!"

அவளுக்குச் சுருக்கென்றது. ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "உன் வண்டியில ஏறப்போறது யாருன்னு யோசிச்சியா? நடுவழியில நின்னா அவங்களால இறங்கித் தள்ள முடியுமாடா?"

அவள் மறுபடி ஸ்பேனரை எடுத்தாள்.

அடியிலிருந்த ஆயில் தொட்டியைக் கழற்றியதும் அதன் தரையில் செம்பு நிறத்தில் பொடி மினுங்கியது. ஒரு பேரிங்கின் மூடியைத் திறந்தாள். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து உள்செம்பு வெளியே வந்திருந்தது. அதற்குள் சுழலும் தண்டான கிராங்கை நகத்தால் வருடிப் பார்த்தாள். முகம் மாறியது. தம்பியின் கையை இழுத்து அதே இடத்தில் வைத்தாள். அவன் நகம் இரண்டு இடத்தில் தடுக்கியது.

அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். "எவ்வளவு நாள் ஓடும்?"

"நாளைக்கே நிக்கலாம். மூணு மாசமும் ஓடலாம். எனக்குத் தெரியாது. தெரியாததை நான் மாட்ட மாட்டேன். பழைய இஞ்சின்ல பிளாக்தான் போச்சு, கிராங்க் நல்லா இருக்கு. புது பேரிங் வாங்கி அந்தக் கிராங்கை இதுல போட்டுடறேன். ஆனா செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆயிடும்."

அவள் கணவர் பக்கத்துக் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார். "காய்ச்சல்னு சொல்லிடு மாப்ளே."

தம்பி தலையை ஆட்டி மறுத்தான். கையெல்லாம் ஆயிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு, மருத்துவமனையில் வண்டிகளை அனுப்பும் பெண்மணியை அழைத்தான். "மேடம், நாளைக்கு என் வண்டி வராது. இஞ்சினைத் திறந்து பார்த்தோம், உள்ள சரியில்ல. வேற வண்டி சொல்லிடுங்க."

அக்கா போன் பக்கம் நகர்ந்து வந்தாள். செய்தது சரிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வேலை போனால் தம்பி வீட்டு வாசலை இனி எந்த முகத்தோடு மிதிப்பது?

"உங்களுக்கு முன்னாடி ஓட்டினவரும் வண்டி வராதுன்னு போன் பண்ணுவார்" என்றது குரல். "நடுரோட்டுல நின்னுக்கிட்டு, பேஷண்ட்டுங்களை உள்ள உட்கார வச்சுக்கிட்டு. நாளைக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன். நீங்க புதன்கிழமை வந்துடுங்க."

தம்பி எழுந்து வந்து இஞ்சினுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"அடுத்த மூடியையும் திறந்துடுக்கா" என்றான். "மிச்சத்தையும் பார்த்துடலாம்."