இருபத்தேழில் பாதி

பல்செட் செய்வது அவர் தொழில். அதனால் எல்லோருக்கும் அவர் செட்டுக்காரர். பல் மருத்துவர்கள் நிறைந்த ஒரு கட்டடத்தின் பின்பக்கம், மாடிப்படிக்கு அடியில் அவருடைய அறை இருந்தது. மேசை முழுக்க பிளாஸ்டர் தாடைகள், இளஞ்சிவப்பு மெழுகில் பாதி நட்ட பற்கள், தேய்த்த தூள். முகம் தெரியாதவர்கள் சிரிப்பதற்கு வேண்டியதையெல்லாம் பகலில் செய்து வைத்துவிட்டு, சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு ஸ்னூக்கர் கூடத்துக்குக் கிளம்பிவிடுவார்.

ஆடுவதற்குப் போனார் என்று சொல்ல முடியாது. அவர் கோலை நீட்டினால் விழக்கூடாத வெள்ளைப் பந்து ஒன்றுதான் தவறாமல் குழியில் விழும். ஆனால் ஆட்டத்தின் மீது அவருக்கு இருந்த பைத்தியம் நன்றாக ஆடுகிறவர்களுக்குக்கூட இல்லை. சிவப்புப் பந்து ஒரு புள்ளி, மஞ்சள் இரண்டு, பச்சை மூன்று, பழுப்பு நான்கு, நீலம் ஐந்து, இளஞ்சிவப்பு ஆறு, கறுப்பு ஏழு. சிவப்பு போக மற்ற ஆறுக்கும் நிறப்பந்து என்று பெயர். இந்த எண்கள் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பல் நடும்போது, முன்பல் இரண்டு, கோரைப்பல் மூன்று என்று வாய்க்குள்ளேயே புள்ளி கணக்குப் போடுவார்.

கூடத்தில் இரண்டே மேசைகள். காத்திருக்கிற கூட்டம் பெரிது. காத்திருப்பவர்களுக்குச் சண்டையைத் தவிர வேறு வேலை இல்லை. அடுத்தது யார் முறை என்று தொடங்கும் பேச்சு, யார் அப்பா யாரிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதில் போய் முடியும். அப்படி ஒரு சண்டை முற்றிய நாளில், பேச்சை மாற்றுவதற்காகச் செட்டுக்காரர் ஒரு புதிர் போட்டார். சிவப்பு, நிறப்பந்து, சிவப்பு, நிறப்பந்து என்று மாற்றி மாற்றி நாலு பந்து போட்டவன் பதினாறு புள்ளி எடுத்தான், நிறப்பந்துகள் எவை? சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த இருவரும் கையை விட்டுவிட்டு விரல்விட்டு எண்ணினார்கள். இரண்டு தடவையும் கறுப்பு என்று ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொன்ன பிறகு எதற்காகச் சண்டை போட்டோம் என்பது இருவருக்குமே நினைவில்லை.

அதற்குப் பிறகு வாரம் ஒரு புதிர். ரசிகர்கள் சேர்ந்து உட்கார்ந்து விடை கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர் ஒருவர் அங்கே வருவார். மடிப்புக் கலையாத சட்டை, பேனா இரண்டு. நான்கு பேர் ஓர் இடத்தில் கூடினால் அதற்குத் தலைவர் வேண்டும் என்று நம்புகிறவர். இதற்கும் ஒரு கழகம் அமைத்து, தானே தலைவராகிவிட்டார். பானம் விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார்கள்.

ஒரு வாரம் செட்டுக்காரருக்கு வேலை கழுத்தை நெரித்தது. இரண்டு செட்டுகளை மறுநாளே கொடுக்க வேண்டும். போகிற போக்கில் பலகையில் எழுதிவிட்டுப் போனார்: ஆறு நிறப்பந்துகளையும் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள், இருவருக்கும் சமமான புள்ளி, எப்படி?

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் இந்த வாரப் புதிரைச் சொன்னார். அவருக்கு ஸ்னூக்கர் என்றால் கணவர் வீட்டில் இல்லாத நேரம், அவ்வளவுதான்.

"ஆறு பந்தும் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டார் மனைவி.

"இருபத்தேழு."

"இருபத்தேழை எப்படிங்க ரெண்டு பேருக்குச் சமமா பிரிப்பீங்க? பந்தை அறுக்கப் போறீங்களா?"

செட்டுக்காரருக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. மூன்று பேர் என்று எழுத நினைத்திருந்தார். ஆளுக்கு ஒன்பது, அழகாகப் பிரியும். மறுநாளைய இரண்டு செட்டுகள் மண்டையில் உட்கார்ந்திருந்ததால் கை இரண்டு என்று எழுதிவிட்டது.

மறுநாள் திருத்திவிடலாம் என்று போனார். அங்கே நிலைமை கைமீறிப் போயிருந்தது. தலைவர் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, தான் நேற்றே விடையைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொன்னால் மற்றவர்கள் யோசிக்க மாட்டார்கள் என்பதால் மனசுக்குள் வைத்திருக்கிறாராம். இதைக் கேட்ட மருந்துக்கடைக்காரர் ஒருவர், தானும் கண்டுபிடித்துவிட்டதாகவும், பெருந்தன்மையால் சொல்லவில்லை என்றும் தெரிவித்தார். அந்த வாரம் முடிவதற்குள் கழகத்தில் பாதிப் பேர் விடை தெரிந்தவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்து அர்த்தத்தோடு தலையாட்டிக்கொண்டார்கள். விடை தெரியாதவர்களைப் பார்த்து, பாவம் முயற்சி செய்யட்டும் என்று புன்னகைத்தார்கள். தெரியாதவர்களும் அந்தப் புன்னகையைத் தாங்க முடியாமல், ஒவ்வொருவராகக் கட்சி மாறினார்கள்.

செட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. இத்தனை பேரின் மானம் தன் நாக்கு நுனியில் நிற்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. அதோடு, இதுவரை வழி விடக்கூட யோசித்தவர்கள் இப்போது எழுந்து நாற்காலி போட்டார்கள். அதுவும் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

தலைவருக்குக் கீழ்த்தாடைக்குப் புது செட் தேவைப்பட்டது. அளவு கொடுக்க மாடிப்படி அறைக்கு வந்தார். பசை நிரப்பிய தட்டை அவர் வாயில் வைத்து அழுத்திய பிறகுதான் செட்டுக்காரருக்குத் தோன்றியது: இவர் இப்போதைக்குப் பேச முடியாது, சொல்வதாக இருந்தால் இதுதான் நேரம். சொல்லிவிட்டார். புதிர் தவறு, விடையே கிடையாது, வேலை அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொன்னார். தலைவரின் கண்கள் விரிந்தன. ம்ம், ம்ம் என்றார். பசை இறுகி, தட்டை எடுத்ததும் வாயைக் கொப்பளித்தார். கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"என் வீட்டுக்காரிக்குத் தெரியும். அவதான் கண்டுபிடிச்சா."

"அவங்க அங்க வர்றதில்லைல்ல? சரி. வர்ற கூட்டத்துல விடைய நீங்கதான் சொல்லணும்னு அறிவிச்சாச்சு. பல்லையே செய்றவர் நீங்க, ஒரு விடைய செய்ய முடியாதா?"

செட்டுக்காரர் நாள்பூராவும் முயன்று பார்த்தார். தவறாக ஆடினால் எதிராளிக்குப் போகும் புள்ளியையும் சேர்த்துப் பார்த்தார். வெள்ளைப் பந்துக்கு ஒரு மதிப்புக் கொடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் கடிக்காத பல்லாகவே வந்தது. பொய்ப்பல்லுக்குக்கூட மெல்லத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில், நடந்ததைச் சொல்லிவிட்டு வசவு வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தார். மனைவி அதற்கு எதிர்ப்புச் சொல்லவில்லை. வசவு பெரிதாக இருந்தால் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னார்.

கூட்டத்தன்று இரண்டு மேசைகளையும் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஆட்டம் இல்லாத ஆட்டக்கூடத்தில் நிற்க இடமில்லை. தலைவர் புதிர்களின் சமூகப் பயன் பற்றி நீளமாகப் பேசி முடித்துவிட்டு, செட்டுக்காரரை அழைத்தார். அழைத்தவர், கதவுக்குப் பக்கமாக இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டார்.

செட்டுக்காரர் பலகைக்கு முன்னால் போய் நின்றார். "இதுக்கு விடை கிடையாதுங்க. இருபத்தேழு ஒத்தைப்படை. சமமா பிரிக்கவே முடியாது" என்றார்.

முதலில் மருந்துக்கடைக்காரர் கைதட்டினார். அவர் தட்டியதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் தட்டினார். தலைவர் கதவிலிருந்து திரும்பி வந்தார்.

"இதைத்தான் நான் மொதல் நாள்லேர்ந்து மனசுல வெச்சிருந்தேன்" என்றார்.

எல்லோரும் அதையேதான் மனசில் வைத்திருந்தார்களாம். தவறுதலாக எழுதிவிட்டேன், மூன்று பேர் என்று இருந்திருக்க வேண்டும் என்று செட்டுக்காரர் சொன்னது கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை. முடியாது என்பதையே விடையாக வைத்த துணிச்சலைப் பாராட்டி, அவருக்கு ஒரு புதுக் கோலைப் பரிசாகக் கொடுத்தார்கள். வசவுக்குத் தயாராக வந்தவர், கோலைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நடந்ததைக் கேட்ட மனைவி, அந்தக் கைதட்டலில் பாதி தன்னுடையது என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

அடுத்த வாரம் சரியான புதிரை எழுதினார்: ஆறு நிறப்பந்துகள், மூன்று பேர், மூவருக்கும் சமமான புள்ளி. ஓர் எழுத்து விடாமல் மூன்று முறை படித்துப் பார்த்தார்.

இந்த முறை யாரும் பலகைப் பக்கம் போய் விரலை மடக்கக்கூட இல்லை. எல்லோரும் தேர்ந்துவிட்டார்கள். தலைவர் ஒரே பார்வையில் சிரித்தார். இதுவும் முடியாது, இதே தந்திரத்தை எங்களிடம் இரண்டாம் தடவை காட்டாதீர்கள் என்றார். மருந்துக்கடைக்காரர் அது ஏன் முடியாது என்பதற்கு நிரூபணமே வைத்திருந்தார். எல்லோரும் செட்டுக்காரரின் முதுகில் தட்டினார்கள்.

செட்டுக்காரர், ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் முடிகிறவரை காத்திருந்தார். பிறகு ஆறு நிறப்பந்துகளையும் எடுத்துப் பச்சைத் துணியின்மேல் ஜோடி ஜோடியாக வைத்தார். மஞ்சளோடு கறுப்பு. பச்சையோடு இளஞ்சிவப்பு. பழுப்போடு நீலம். ஜோடிக்கு ஒன்பது.

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவர், முதல் நாளிலிருந்து பின்வரிசையிலேயே உட்காருகிறவர், தொண்டையைச் செருமினார்.

"எனக்கு இது தெரியலைங்க. போன வாரத்துதும் தெரியலை. எல்லாரும் கைதட்டினீங்க, நானும் தட்டினேன்."

தலைவர் அவரை அனுதாபத்தோடு பார்த்தார். மற்றவர்கள் தலைவரைப் பார்த்தார்கள். பிறகு, இத்தனை நாளும் அடுத்தது யார் முறை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, தனக்கும் தெரியாது என்றார். சொன்ன மறுகணமே அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கடையைத் திறக்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினார். அன்று அவர் கடைக்கு விடுமுறை.

தலைவர் சில நாட்களில் விலகிவிட்டார். வேறு தெருவில், அறிவில் முதிர்ந்தவர்களுக்கு மட்டும் என்று ஒரு கழகம் நடத்துகிறார். அங்கே புதிர்கள் உண்டு. விடை கேட்கும் வழக்கம் இல்லை. செட்டுக்காரர் செய்துகொடுத்த கீழ்த்தாடை நன்றாகப் பொருந்தியிருக்கிறது, தெளிவாகப் பேச வருகிறது என்கிறார்கள்.

இங்கே மீந்தவர்கள் கொஞ்சம் பேர். தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர்கள். பந்துகளைக் கையில் எடுத்து, மாற்றி மாற்றி வைத்து, ஒருவர் தவறை இன்னொருவர் திருத்தி, சிரித்துக்கொண்டே விடை தேடுகிறார்கள். செட்டுக்காரர் எழுதுவதை முதலில் வீட்டில் காட்டிவிட்டுத்தான் பலகைக்கு எடுத்துப் போகிறார்.