பதினேழாம் ஏடும் சுறா எண்ணெயும்

பிறர் சொல்லச் சொல்ல எழுதினால் கூலி கிடைக்கும், தானாக யோசித்து எழுதினால் வசவு கிடைக்கும்; ஓலைத் தொழில் என்பது இவ்வளவுதான்.

இதைப் படிக்கிற நீங்களும் எழுத்தாணி பிடிக்கிறவராக இருந்தால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள். நான் பழவேற்காட்டில், துணி வாங்கக் கப்பலேறி வந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே, ஏரித்துறைப் புன்னை மரத்தடியில் உட்கார்ந்து ஓலை எழுதுகிறவன். நிலக்கிரயம், கடன் சீட்டு, கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தாய்வீட்டுச் சேதி என்று எது சொன்னாலும் எழுதுவேன். அந்தக் கூலியில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நானே ஒரு நூல் செய்தேன். பெயர் ‘பழவேற்காட்டுச் சேதி’. நாற்பது ஏடு. யோசித்தது நான், கீறியது நான், படி எடுத்தது நான், துளை போட்டுக் கயிறு கோத்தது நான். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய விளக்குக்கரி தேய்த்தது மட்டும் என் மனைவி அஞ்சலை. விற்கிறவனும் நான்தான். தோணிகள் கரை சேரும் நேரம் பார்த்துத் துறையில் நின்று உரக்க வாசிப்பேன். கூட்டம் நன்றாகவே சேரும். கேட்டு முடித்ததும் நன்றாகவே கலையும். உங்களுக்குத் தெரியாததா?

முதல் ஏட்டில் யார்?

முதலில் வாங்க வந்தவர் ஓர் அரிசி வியாபாரி. முதல் ஏட்டை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வழக்கமாக அங்கே நூல் எழுதியவனுக்குச் சோறு போட்ட பெரிய மனிதரின் புகழ் இருக்கும். அவர் கை மழை, தோள் மலை என்று போகும். என் ஏட்டில் என் பெயரும் ஊரும் மட்டும்தான். “எனக்குச் சோறு போட்டது என் கைதான். வேண்டுமானால் அதன் மேல் நாலு வரி பாடிச் சேர்க்கிறேன்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சுவடியை இரண்டு விரலால் பிடித்து என் மடியில் போட்டார்.

“தனக்குத் தானே தாலி கட்டிக்கினு நிக்கிற மாதிரி கீதுய்யா இது!”

புலவரின் தீர்ப்பு

ஊரில் ஒரு புலவர் இருந்தார். அவர் நல்லது என்றால் நூல் நல்லது, கெட்டது என்றால் அடுப்புக்கு. இலவசமாக ஒரு படி கொடுத்தேன். (ஆமாம், நானும் கொடுத்தேன். நீங்கள் எத்தனை கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.) ஒரு வாரம் கழித்துப் போனேன். நாற்பது ஏட்டையும் படித்திருந்தார். அதுவே பெரிய ஆச்சரியம். யாப்பு எங்கே, அணி எங்கே, துறையில் மீன்காரி பேசுகிற பேச்செல்லாம் ஏட்டில் எதற்கு என்று கேட்டார். மீன்காரி பேசியதால்தான் ஏட்டில் இருக்கிறது என்றேன்.

கோபத்தில் அவர் சொன்ன சொல்லை நான் இன்றுவரை பாராட்டாகவே வைத்திருக்கிறேன்.

“சொன்னதெல்லாம் ஒடனே புரியுதேய்யா! இதைப் படிக்கறதுக்கா நான் இருபது வருஷம் இலக்கணம் படிச்சேன்?”

சுறா எண்ணெய்

தோணிரேவுக் குப்பத்தில் செங்கேணி என்று ஒருவன், ஏரியில் வலை போடுகிறவன். அவனுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நான் வாசித்த நாளெல்லாம் முன்னால் உட்கார்ந்து கேட்பான். ஒரு நாள் ஒரு கூடை மடவை மீனைக் கொண்டுவந்து வைத்து ஒரு படி வாங்கிப் போனான். என் நூலைத் தானாகக் கேட்டு வாங்கிய முதல் மனிதன். அன்று வீட்டில் குழம்பு வாசனையைவிட என் பெருமை தூக்கலாக இருந்தது.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனவன், சுவடி சுகமாக இருக்கிறதா என்று பார்க்க அவன் வீட்டில் நுழைந்தேன். நுழைந்த வேகத்தில் வெளியே வந்தேன். பூச்சி அரிக்காமல் இருக்கத் தோணிக்குப் பூசுகிற சுறா எண்ணெயை, நாற்பது ஏட்டுக்கும் முன்னும் பின்னும் பூசிக் கூரையில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அந்த நாற்றத்தை எழுத என்னிடம் சொல் இல்லை. “மடையா, இது சுவடியா, தோணியா?” என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவன் நிதானமாகத் தலையைச் சொறிந்தான்.

“தண்ணி படற எடத்துல எத வெச்சாலும் எண்ணெ பூசணும்ணே. படிக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கும் போல. பூனை மூணு ஏட்ட நக்கி நக்கியே தீத்துடுச்சு.”

துரையும் துபாசியும்

கோட்டைக்குள் கணக்கு எழுதும் துரை ஒருவர், துபாசியைக் கூட்டிக்கொண்டு துறைக்கு வந்தார். அவர் காகிதத்தில் இறகால் எழுதிப் பிழைக்கிறவர். நான் ஓலையில் ஆணியால். ஒரே சாதி என்று எனக்குள் ஒரு பாசம் பொங்கியது. சுவடியை வாங்கி, துளை வழியாகக் கோட்டையைப் பார்த்தார். இதில் துணி விலை எந்த இடத்தில் இருக்கிறது என்று துபாசி மூலம் கேட்டார். விலை எதுவும் இதில் இல்லை என்றேன். இரண்டு பேரும் அவர்கள் பாஷையில் நெடுநேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு துபாசி என் பக்கம் திரும்பினார்.

“வெல இல்லாதத எதுக்கு எழுதினேனு தொர கேக்கிறாரு.”

தரகர் கேட்ட கேள்வி

விலை இல்லாதது என்றேனே, அதில் ஓர் ஏட்டுக்கு மட்டும் விலை பேச ஆள் வந்தது. பதினேழாம் ஏடு.

மழை பொய்த்த அந்த வருஷம் எளாவூர்ப் பக்கத்து நெல்வயல்கள் வெடித்துக் கிடந்தன. பசி தாங்காமல் பெற்றவர்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு துறைக்கு வந்தார்கள். கப்பலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர் அரிசியை அளந்து போட்டு ஆளை வாங்கினார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு விற்பனை ஓலை. அந்த ஓலைகளை எழுதியவன் நான். மறைக்கப் போவதில்லை. எழுதினேன், கூலி வாங்கினேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஓலைகள் கோட்டைக்குள் போயின. ஆட்கள் அடிமைகளாகக் கப்பலேறிக் கடலுக்குள் போனார்கள். முப்பத்தொரு பேர். ஒருவரும் திரும்பவில்லை. எதற்கென்று தெரியாமலே ஒவ்வொருவரின் பெயரையும், தகப்பன் பெயரையும், ஊரையும் நறுக்கோலை என்கிற துண்டு ஓலையில் தனியாகக் குறித்து வைத்திருந்தேன். நூல் எழுதும்போது அதைத்தான் பொடி எழுத்தில் நெருக்கிப் பதினேழாம் ஏட்டில் எழுதினேன். அதில் கதை இல்லை, வர்ணனை இல்லை. முப்பத்தொரு பெயர்கள் மட்டும்.

துறையில் நான் அந்த ஏட்டை வாசிக்கத் தொடங்கிய பிறகு தரகர் வந்தார். மரத்தடியில் என் எதிரே உட்கார்ந்து, வெற்றிலை மடித்து எனக்கும் ஒன்று கொடுத்தார். நூறு படி அவரே வாங்கிக்கொள்கிறாராம். முதல் ஏட்டில் அவர் பெயர் வர வேண்டும், பதினேழாம் ஏடு வரக் கூடாது. கயிற்றை அவிழ்த்து ஒன்றை உருவினால் தீர்ந்தது, இதற்குப் போய் யோசிப்பானேன் என்றார். மற்ற முப்பத்தொன்பதையும் வேண்டுமானால் உருவிக்கொள்ளுங்கள், அது மட்டும் வராது என்றேன். வெற்றிலையையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

“இதே பேருங்கள அன்னிக்கு நீதான எழுதின? கூலியும் வாங்கினியே! இன்னிக்கு இன்னா புதுசா ரோசம்?”

ஒரு ஏடுதானே!

அவர் கேட்டது சரியான கேள்வி. அன்று வராத ரோஷம் இன்றாவது வந்ததே என்பதுதான் என் பதில்.

நாலாம் நாள் பட்டப்பகலில் தரகரின் ஆட்கள் ஆறு பேர் வந்தார்கள். என்னிடம் இருந்த படிகளையெல்லாம் புன்னை மரத்தடியில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கயிற்றை அவிழ்த்துப் பதினேழாம் ஏட்டை உருவினார்கள். வீட்டுக்குப் போய் நறுக்கோலைக் கட்டையும் தூக்கிவந்தார்கள். என் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் கொளுத்தினார்கள். இலவசமாக வாங்கிய புலவரையும் சேர்த்து என் நூலை வாங்கியவர்கள் மொத்தமே பதினோரு பேர். அவர்களை ஊருக்கே தெரியும் என்பதால் தேடுகிற சிரமமும் இல்லை. ஒரு வீடு விடாமல் போனார்கள். அவர்களின் தலைவன் மட்டும் கொஞ்சம் மரியாதைக்காரன். அவிழ்த்த சுவடிகளைத் திரும்பக் கோத்து, அழகாக அடுக்கி என் பக்கம் தள்ளினான்.

“ஒரு ஏடுதானய்யா போச்சு! மிச்சம் முப்பத்தொம்போது கீதே, வித்துப் பொழச்சிக்க.”

அஞ்சலை சொன்ன வழி

உடனே புது ஓலை எடுத்துப் பெயர்களை எழுத உட்கார்ந்தேன். இருபத்திரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். ஒன்பது பேர் வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டாலும் வரவில்லை. அவர்களுக்காக வாங்கிய கூலி எத்தனை என்று நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை. என்னையே நான் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. கோட்டைக்குள்ளே அந்தப் பெயர்கள் பத்திரமாக இருக்கும், ஆனால் யாருக்கும் காட்ட மாட்டார்கள். வெளியே இனி அந்த ஒன்பது பேரும் பிறக்கவே இல்லை என்றாகிவிடும். நான் உட்கார்ந்தபடியே அழுதேன். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

அஞ்சலை கரி தேய்த்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

“இன்னாய்யா, எழவு வீடு மாதிரி உக்காந்துகினு கீற? எழுந்து தோணிரேவுக்குப் போ. அந்த நாத்தத்த எவன் தொட்டிருப்பான்?”

தோணிரேவு

தோணியில் போகும்போது வழியெல்லாம் ஒரே பயம். பூனை நக்கிய மூன்று ஏடுகள் எவை என்று அன்று நான் பார்க்கவில்லை. திட்டுவதிலேயே குறியாக இருந்தேன்.

சுவடி அதே கூரையில், அதே நாற்றத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கட்டை அவிழ்த்தேன். ஐந்து, ஆறு, முப்பது. இந்த மூன்றும் நார்நாராக இருந்தன. பதினேழு முழுசாக இருந்தது. எண்ணெய் ஊறிப்போய் எழுத்து முன்னைவிடக் கறுப்பாக, பளிச்சென்று தெரிந்தது. அந்த ஏட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இரண்டு நாள் கண் எரிந்தது. செங்கேணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

“இங்கியும் வந்தானுங்கண்ணே. கட்டைத் தொட்டவன் அங்கியே வாந்தி எடுத்துட்டான். ‘பேஜாரு, நீயே வெச்சிக்க’னு ஓடிட்டானுங்க. நீ அன்னிக்கு என்னை இன்னா திட்டு திட்டின!”

எளாவூரிலிருந்து வந்தவள்

அன்றிலிருந்து பதினேழாம் ஏட்டைத் தனியாகவே எழுதுகிறேன். எழுதி, கரி தேய்த்து, செங்கேணி கொண்டுவந்து தரும் சுறா எண்ணெயைப் பூசி, கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன். தரகர் தரப்பிலிருந்து இப்போது ஒரு கிரய ஓலை கூட என்னிடம் வருவதில்லை. துணி வியாபாரிகளும் வேறு எழுத்துக்காரரைப் பார்த்துக்கொண்டார்கள். போனால் போகட்டும். மீன்காரர்களுக்கும் கடன், கல்யாணம், சண்டை எல்லாம் உண்டு, அதற்கும் ஓலை வேண்டும்.

போன மாசம் எளாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் நடந்தே வந்தாள். வயல் வேலை செய்கிறவள். மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு எட்ட நின்றாள். தம்பி பெயர் ஏழுமலை என்றாள். எனக்கு மறந்துபோன ஒன்பது பேரில் அவன் ஒருவன். “அரிசிக்கு அவன வித்துட்டு வந்த எங்க நைனா, சாகற வரிக்கும் அவன் பேரச் சொல்லவே இல்ல. எங்களையும் சொல்ல வுடல. எங்க எழுதிகீது, காட்டுங்க” என்றாள். ஏட்டை எடுத்து, அவள் விரலைப் பிடித்துப் பன்னிரண்டாம் பெயரின் மேல் வைத்தேன். முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு ஏட்டின் மேல் குனிந்தாள். விரலைப் பெயரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓட்டினாள். ஓட்ட அதிக இடம் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னாய்யா, இவ்ளோ சின்னதா எழுதிட்டீங்க? என் தம்பி நல்ல ஒசரம்.”

பிரபுவும் இல்லாத, யாப்பும் இல்லாத, விலையும் இல்லாத, பழவேற்காட்டிலேயே அதிகமாக நாறுகிற ஏடு என்னுடையதுதான். இப்போது அதில் எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிது.